வந்த பிள்ளைகளைக் குறை சொல்லாதீங்க

கொழும்பில் டெங்கு கூடினால் போதும், "அங்க வேலைக்குப் போன பயலுகதான் கொண்டு வந்துட்டானுக" என்று நம்ம மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பேச்சு கிளம்பிவிடும். 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கொரோனா கொத்தாகப் பரவிய பிறகு, தீபாவளிக்கு வந்த பிள்ளைகளையும் இப்படித்தான் பார்த்தார்கள். கேட்கவே வயிறு எரிகிறது. நம்ம பாட்டன் பூட்டன்மாருக்கும் இதே பேர்தானே? கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்து விழுந்தார்கள். அப்புறம் இந்தியக் கரையிலேயே மண்டபம் முகாமில் மறித்து வைத்து, அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள்.

சரி, ஆளோடு கிருமியும் பயணம் போகும், அது உண்மை. ஆனால் வந்த இடத்தில் அதை வளர்த்தது எது? 10க்கு 12 அடிக் காம்பரா (அறை), அதற்குள்ளேயே அடுப்புப் புகை, கக்கூஸ் இல்லாத லயம் (தோட்டத்து வரிசை வீடு). வெறுங்காலோடு மலைக்குப் போனவர்களுக்குக் கொக்கிப்புழு ஏறியது அந்த மண்ணிலிருந்துதான். இன்றைக்கும் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தனியாகப் படுக்க வைக்க எத்தனை லயத்தில் இடம் இருக்கிறது?

பொங்கலுக்கு வரும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெனடோல் மட்டும் கொடுத்து வைத்திருக்காதீர்கள், மூன்றாம் நாளைத் தாண்ட விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டெங்கா என்று ரத்தம் பாருங்கள்.