செப்டம்பர் மாதக் கணக்கு

செப்டம்பர் 7, 2024, சனி

விநாயகர் சதுர்த்தி. பிள்ளையார்பட்டியில் முக்குறுணிக் கொழுக்கட்டை படைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையின் கொள்முதல் பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வரித் தணிக்கை அறிக்கைகளுக்கு 30ஆம் தேதி கடைசி நாள். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் செப்டம்பரில் பண்டிகை கிடையாது. இந்த மாதம் எப்படிப் போனது என்று பின்னால் யோசித்தால் ஒன்றுமே நினைவுக்கு வருவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

இன்றைக்குக் கிடைத்த நல்லது, கீழ்வீட்டு ஆச்சி கொடுத்தனுப்பிய வெள்ளைப் பணியாரம். உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன்மேல் நிற்கும் மட்டும் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார். அதுதான் அவருடைய அளவு. மிளகாய்த் துவையலோடு நின்றபடியே தின்று தீர்த்தேன்.

செப்டம்பர் 11, புதன்

ஆத்தங்குடிக்குப் போனேன். தரையில் பதிக்கும் பூவேலைக் கல்லான பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றின் கணக்கு எங்களிடம் இருக்கிறது. சிமெண்ட், மணல், காவி வாங்கிய ரசீதுகளைப் பார்த்து முடித்ததும், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வேலை நடக்கும் கொட்டகையில் போய் நின்றேன்.

கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு நிறக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் கலங்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவை போட்டு மட்டப்படுத்துகிறார்கள். சூளையே கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறிக் காய்ந்த பின் கண்ணாடி தானாக விட்டுவிடுகிறது. அந்தக் கண்ணாடி முகம்தான் கல்லின் பளபளப்பு.

பூவைக் கவிழ்த்துப் போட்டே வேலை செய்கிறார்கள். முகம் எப்படி வந்திருக்கிறது என்பது கடைசியில்தான் தெரியும். “பயமாக இருக்காதா?” என்று அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். “கை சரியாக ஊற்றியிருந்தால் முகம் சரியாகத்தான் இருக்கும் ஆத்தா” என்றார். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இதே நினைப்புதான். நான் பதியும் வரவுசெலவும் மார்ச் 31 அன்றுதான் முகம் காட்டுகிறது. நடுவில் ஒவ்வொரு பதிவையும் சரியாக இடுவது மட்டுமே என் கையில் இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

அரைநாள் விடுப்பு. முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சுற்றினேன். எனாமல் தூக்குகளுக்கும் மரக்கதவுகளுக்கும் இடையே ஒரு பழைய கணக்குப் பேரேடு கிடந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே ‘ரங்கூன்’. கடைக்காரர் முக்காலி ஒன்றைப் போட்டு உட்காரச் சொன்னார்.

தொகையெல்லாம் தமிழ் எண்களில். ௱ என்றால் நூறு, ௰ என்றால் பத்து. மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. ஒரு பக்கத்தின் வரவையும் பற்றையும் நானே கூட்டிப் பார்த்தேன். சரியாக நின்றது. கால்குலேட்டர் இல்லாமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், கடல் தாண்டி எங்கேயோ ஒருவர் எழுதிவைத்த கணக்கு.

செட்டிநாட்டுப் பையன்கள் பர்மாவின் ரங்கூன் போன்ற ஊர்களில் இருந்த வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகப் போய்ச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் மேலாளாக உயர்வார்கள். வாய்க்கணக்குதான் அவர்களுடைய படிப்பு. முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு; அதுவரைக்கும் மனத்திலேயே போடுவார்கள். ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு எடுத்து ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவார்கள். முதலாளி கடையைப் பார்க்காமலே நிலவரம் அறிய அந்தத் தாள் போதும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பேர்.

வணிகவியல் படித்தபோது இதில் ஒரு வரிகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த வேலை என்றுதான் கணக்கை இத்தனை நாளும் சொல்லிவந்தேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

எழுத நேரமில்லை. மழை. எதிர்க்கடை டீ.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று அறிவிப்பு வந்தது: தணிக்கை அறிக்கைக்கு அக்டோபர் 7 வரை அவகாசம். அலுவலகத்தில் எல்லோரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஆடிட்டர் ஐயா அனைவருக்கும் பஜ்ஜி வரவழைத்தார். பேச்சோடு பேச்சாக ரங்கூன் பேரேட்டைப் பற்றிச் சொன்னேன். அவருடைய தாத்தா சைகோனில் பெட்டியடியில் இருந்தவராம்! வேலையை மறந்து வெகுநேரம் பேசினார். முடிவில், “நீ சி.ஏ. எழுதேன் அம்மா” என்றார், ஆடிட்டராவதற்கான தேர்வை. என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு.

அக்டோபர் 8, செவ்வாய்

நேற்று இரவோடு எல்லா அறிக்கைகளும் வரித்துறை இணையதளத்தில் ஏறிவிட்டன. ஆத்தங்குடிப் பட்டறையின் கோப்பை நானே கடைசிவரை கவனித்து முடித்தேன்.

காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து, பட்டச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். வணிகவியலில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் தொடக்கத் தேர்வு எழுதாமல் நேரே இடைநிலைத் தேர்வான இண்டருக்குப் பதிவு செய்யலாம். எனக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. ஆறு தாள்கள். காலை ஐந்து முதல் ஏழு வரை படிப்பதாகத் திட்டம். ஆச்சியிடம் சொன்னேன். அந்த நேரத்தில் அவர் வீட்டில் காப்பி தயாராக இருக்குமாம், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். மதியம் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.