யாங்–யாங் சமன்பாட்டை வீட்டுக் கணினியில் தீர்த்துப் பார்த்தேன்: மூன்றாம் வாரக் குறிப்பு

ஒரே கோட்டில் மட்டும் நகரக்கூடிய போசான் அணுக்கள் (ஒரே குவாண்டம் நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேர்ந்திருக்கக்கூடிய வகை) ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் விலக்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த வாயுவைத் தோராயம் ஏதுமின்றித் தீர்க்கலாம் என்று 1963இல் லீபும் லினிகரும் காட்டினார்கள். சுழியத்துக்கு மேற்பட்ட வெப்பநிலைகளுக்கு அதை 1969இல் விரித்தவர்கள் சி. என். யாங்கும் அவருடைய தம்பி சி. பி. யாங்கும். அவர்கள் எழுதிய தொகையீட்டுச் சமன்பாட்டைப் பைத்தானில் தீர்த்து, தனிச்சுழி வெப்பநிலையில் ஒரு பொருளின் நிலை மாறும் எல்லையை ஒட்டிய நடத்தையை, அதாவது குவாண்டம் மாறுநிலையை, என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்த முயற்சியின் நோக்கம்.

பார்க்க வேண்டிய இடம் தெளிவானது. ஓர் அணுவைக் கூடுதலாகச் சேர்க்க ஆகும் ஆற்றலை வேதி நிலையாற்றல் என்கிறோம். தனிச்சுழி வெப்பநிலையில் அது சுழியத்துக்குக் கீழே இருந்தால் அந்த ஒற்றைக் கோட்டில் அணுவே இருக்காது. மேலே ஏறியதும் அணுக்கள் நிறையத் தொடங்கும். அந்த எல்லைப்புள்ளிக்கு அருகில், அடர்த்தியை வெப்பநிலையின் வர்க்கமூலத்தால் வகுத்து, வேதி நிலையாற்றலுக்கு எதிராக வரையும் கோடுகள், வெப்பநிலை குறையக் குறைய, சுழியத்தில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ள வேண்டும்.

சுருக்கிய பிளாங்க் மாறிலி, போல்ட்ஸ்மன் மாறிலி, அணுநிறையின் இருமடங்கு ஆகிய மூன்றையும் 1 என்றும், விலக்கு வலிமையை 10 என்றும் வைத்துக்கொண்டேன். இடைவினையற்ற விடையில் தொடங்கித் திரும்பத் திரும்பப் பதிலிட்டால் சமன்பாடு விரைவாகவே குவிகிறது. அடர்த்தியைப் பெற முதலில் அழுத்தத்தின் அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்துப் பார்த்தேன். தாழ்ந்த வெப்பநிலைகளில் அது இரைச்சலாகவே வந்தது. சமன்பாட்டையே வேதி நிலையாற்றலால் வகையிட்டு, கிடைக்கும் நேரியல் சமன்பாட்டை அணிமுறையில் தீர்த்த பிறகே கோடுகள் வழவழப்பாயின.

இரண்டாம் வாரம் முழுவதையும் ஒரு பிழை விழுங்கிவிட்டது. வேதி நிலையாற்றல் சுழியமாக இருக்கும்போது, அடர்த்தியை வெப்பநிலையின் வர்க்கமூலத்தால் வகுத்த அந்த விகிதம் 0.1706ஐ நெருங்க வேண்டும். வெப்பநிலை 0.0001இல் எனக்கு வந்ததோ 0.40. நிரலை வரிவரியாகப் படித்தும் தவறு அகப்படவில்லை. பிறகுதான் உந்த அச்சில் நான் வைத்திருந்த புள்ளிகளின் இடைவெளியைக் கவனித்தேன்; அது 0.05. அந்த வெப்பநிலையில் அணுக்கள் நிரம்பியிருக்கும் உந்தப் பரப்பின் அகலமே வெப்பநிலையின் வர்க்கமூலமான 0.01 அளவுதான். ஆகவே தொகையீடு முழுவதையும் நடுவில் இருந்த ஒற்றைப் புள்ளியே சுமந்திருக்கிறது.

உந்தத்தை வெப்பநிலையின் வர்க்கமூலத்தால் வகுத்து, சமன்பாட்டைப் புதிய மாறியில் மாற்றி எழுதினேன். கணினிக்கு வசதியாக இருக்கட்டும் என்று செய்த அந்த மாற்றத்திலேயே நான் தேடிய இயற்பியல் இருந்தது என்பதை எழுதி முடித்த பின்புதான் உணர்ந்தேன், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாற்றி எழுதிய சமன்பாட்டில் வெப்பநிலை தனியாக எங்கும் வருவதில்லை; வேதி நிலையாற்றலை வெப்பநிலையால் வகுத்த எண்ணும், விலக்கு வலிமையை வெப்பநிலையின் வர்க்கமூலத்தால் வகுத்த எண்ணும் மட்டுமே எஞ்சுகின்றன. எல்லைப்புள்ளியை விட்டு விலகாமல் வாயுவைக் குளிரவைப்பதும் விலக்கு வலிமையைக் கூட்டுவதும் ஒன்றே என்று இதற்குப் பொருள். எவ்வளவு மெல்லிய விலக்கானாலும், போதிய குளிரில் அது கடக்கவே முடியாத சுவராகிவிடுகிறது. போசான்களின் அடர்த்தி, இடைவினையற்ற ஃபெர்மியான்களின் (ஒரே நிலையில் இரண்டு சேர்ந்திருக்க முடியாத துகள்களின்) அடர்த்தியாகவே மாறிவிடுகிறது. 0.1706 என்ற எண்ணும் அந்த ஃபெர்மியான் கணக்கிலிருந்தே வருகிறது.

திருத்திய நிரலில், வெப்பநிலை 1இல் விகிதம் 0.182, 0.01இல் 0.1717, 0.0001இல் 0.1707. வெப்பநிலை நூறில் ஒரு பங்காகும்போது விலகல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிறது. விலக்கு வலிமை அந்த வர்க்கமூலத்தின் வழியாக மட்டுமே நுழைவதால், இப்படித்தான் குறைய வேண்டும். கிடைமட்ட அச்சில் வேதி நிலையாற்றலை வெப்பநிலையால் வகுத்து வரைந்தபோது, பின்னிரண்டு கோடுகளையும் எல்லைப்புள்ளியைச் சுற்றிப் பிரித்தறிய முடியவில்லை. முதல் கோடு மட்டும் வலப்பக்கத்தில் மேலெழுந்து நிற்கிறது.

2017இல் சீனாவின் ஹஃபெய் ஆய்வுக்குழு, ரூபிடியம் 87 அணுக்களை லேசர் ஒளியாலான குழாய்களில் அடைத்து, வெவ்வேறு வெப்பநிலைக் கோடுகள் இப்படி ஒன்றாகப் பொருந்தும் என்ற இதே அளவிடல் விதியைச் சோதித்தது. அணுக்களை அடைத்துவைக்கும் பொறியின் நடுவில் உயர்ந்திருக்கும் வேதி நிலையாற்றல் ஓரத்தை நோக்கிப் படிப்படியாகக் குறைவதால், ஒரே அடர்த்திப் படத்தில் ஒரு கோடு முழுவதும் கிடைத்துவிடுகிறது. அடுத்த வாரம் என் அடர்த்தி மதிப்புகளை ஒரு பரவளையப் பொறியின் மேல் பரப்பி, மாறுநிலைப் பகுதி ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே நீள்கிறது என்று அளக்கப்போகிறேன்.