விண்ணப்பத்தில் போட்டோ ஏறவில்லையா? பிரவுசரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

போட்டித் தேர்வு விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி எல்லாம் ஒழுங்காகப் போய்விடும். போட்டோவும் கையெழுத்தும் ஏற்றும் பக்கத்துக்கு வந்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும். உடனே குரோமை மூடிவிட்டு ஃபயர்பாக்ஸ், அதிலும் ஆகாவிட்டால் போன், அதிலும் ஆகாவிட்டால் பக்கத்துத் தெரு நெட் சென்டர் என்று ஓடுகிறோம். புதிய இடத்தில் லாகின் செய்யும்போது பழைய லாகின் அறுந்துபோகலாம். எதனால் நின்றது என்பதும் கடைசி வரை தெரியாது.

பதிவேற்றம் நிற்பதற்கு மூன்றே இடங்கள்தான்: உங்கள் ஃபைல், உங்கள் பிரவுசர், அவர்களுடைய சர்வர் அல்லது இடையில் உள்ள நெட். எது என்று இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம். அதே பிரவுசரில் உங்களுடைய வேறொரு போட்டோவை, முன்பு வேறு விண்ணப்பத்தில் ஏறியதை, ஏற்றிப் பாருங்கள். அது ஏறினால் புது ஃபைலில்தான் கோளாறு. அதுவும் ஏறாவிட்டால், அந்த நல்ல ஃபைலையே வேறு பிரவுசரில் முயலுங்கள். அங்கே ஏறினால் முதல் பிரவுசரில் சிக்கல். இரண்டிலும் ஏறாவிட்டால் சர்வர் அல்லது நெட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபைலையும் பிரவுசரையும் சேர்த்து மாற்றினால் விடை கிடைக்காது. சோதனைக்கு ஏற்றிய படத்தை நீக்காமல் இறுதிச் சமர்ப்பிப்பை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

பெரும்பாலும் ஃபைல்தான் என்று வைத்துக்கொண்டே தொடங்கலாம். அதனால் அதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள் நன்கு அறிந்த ஐபிபிஎஸ் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். போட்டோ 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. இடது கட்டைவிரல் ரேகை 240 × 240 பிக்சல், 20 முதல் 50 கேபி. கைப்பட எழுதும் உறுதிமொழி 800 × 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. டிஎன்பிஎஸ்சியிலும் போட்டோவுக்கு 20–50, கையெழுத்துக்கு 10–20 கேபி என்ற வரம்பே பழகிப்போனது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அந்தந்த அறிவிக்கையைத் திறந்து பார்த்த பிறகே ஃபைலைத் தயார் செய்யுங்கள்.

மேல் வரம்பை எல்லோரும் கவனிக்கிறார்கள். கீழ் வரம்பில்தான் பலர் மாட்டுகிறார்கள். 140 × 60 பிக்சலில் ஒரு கையெழுத்தைச் சேமித்தால் பல நேரம் 10 கேபிக்குக் கீழே 5, 6 கேபி என்று வந்து நிற்கும். வெள்ளைத் தாளில் நாலு கோடு, அதில் சேமிக்க அவ்வளவுதான் தகவல் இருக்கிறது. 140 × 60 என்பதை அறிவிக்கை விரும்பத்தக்க அளவாகத்தான் சொல்கிறது, கேபி வரம்புதான் கட்டாயம். எனவே அதே விகிதத்தில் 280 × 120 என்று எடுத்துச் சேமித்தால் கேபி அளவு பெரும்பாலும் வரம்புக்குள் வந்துவிடும். சின்னதாகிப்போன படத்தையே இழுத்துப் பெரிதாக்காதீர்கள், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். மூலப் படத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வெட்டி எடுங்கள்.

விண்டோஸ் 11 போட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ரீசைஸ் என்பதை அழுத்தினால் அகலம், உயரம், தரம் மூன்றையும் மாற்றலாம். புதிய அளவு எத்தனை கேபி வரும் என்பதையும் அங்கேயே காட்டும். பெயிண்டில் தரத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, பிக்சலை மட்டுமே மாற்ற முடியும். சென்டிமீட்டரில் அளவு கொடுத்திருந்தால் 2.54 ஆல் வகுத்து டிபிஐயால் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்) பெருக்குங்கள். 3.5 × 4.5 செ.மீ., 200 டிபிஐ என்றால் சுமார் 276 × 354 பிக்சல். 6 × 2 செ.மீ. கையெழுத்து என்றால் 472 × 157.

போட்டோவைச் சரியாக 50 கேபியில் நிறுத்தாதீர்கள். விண்டோஸில் ஒரு கேபி என்பது 1024 பைட், மேக்கில் 1000 பைட். மேக்கில் 51 கேபி என்று காட்டும் அதே ஃபைல் விண்டோஸில் 49.8 என்று தெரியும். சர்வர் எந்தக் கணக்கில் எண்ணுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. 35 முதல் 45 கேபிக்குள் வைத்தால் எந்தக் கணக்கிலும் தேறும். விண்டோஸ் பிராப்பர்ட்டீஸில் "சைஸ்", "சைஸ் ஆன் டிஸ்க்" என்று இரண்டு எண் இருக்கும். பார்க்க வேண்டியது முதல் எண். இரண்டாவது, வட்டில் 4 கேபி கட்டங்களாக இடம் பிடிப்பதால் கூடுதலாகத் தெரியும்.

அடுத்தது ஃபைலின் வகை. பெயரின் வாலில் ஜேபிஜி என்று இருந்தால் அது ஜேபிஜி ஆகிவிடாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் முதல் சில பைட்டுகளில் அடையாளம் உண்டு. ஜேபிஜி என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும். வலைப்பக்கத்திலிருந்து சேமித்த படம் வெப்பி (WebP) வகையாக இருந்து, நீங்கள் பெயரை மட்டும் மாற்றியிருந்தால், பெயரைப் பார்க்கும் பிரவுசர் விட்டுவிடும், உள்ளே பார்க்கும் சர்வர் திருப்பி அனுப்பும். பெயிண்டில் திறந்து "சேவ் ஆஸ்" போய் ஜேபெக் (ஜேபிஜிதான்) என்று தேர்ந்தெடுத்துச் சேமிப்பதுதான் உண்மையான மாற்றம்.

ஜேஎஃப்ஐஎஃப் விஷயம் இதற்கு நேர்மாறு. சில விண்டோஸ் கணினிகளில் குரோமோ எட்ஜோ சேமிக்கும் படத்துக்கு ஜேஎஃப்ஐஎஃப் என்ற வால் விழுகிறது. ஜேபெக் படத்துக்கு எந்த வால் வைப்பது என்று விண்டோஸின் உள்பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் உள்ள குறிப்பு அப்படி அமைந்திருப்பதே காரணம். உள்ளே இருப்பது அசல் ஜேபிஜிதான், பெயரை மாற்றினாலே போதும். ஆனால் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் வாலைத் தெரிய வைத்த பிறகு மாற்றுங்கள். இல்லாவிட்டால் "போட்டோ.ஜேபிஜி.ஜேஎஃப்ஐஎஃப்" என்று இரட்டை வாலோடு நிற்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஐபோன் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெய்க் (HEIC) வகையில் படம் எடுக்கிறது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று வைத்தால் இனி எடுக்கும் படங்கள் ஜேபிஜி ஆக வரும், பழையவை மாறாது. ஃபைலின் பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி எதுவும் வேண்டாம். சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

போனில் எடுத்த படத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் பல போன்களில் படம் படுத்த நிலையிலேயே சேமிக்கப்பட்டு, "இதை நிமிர்த்திக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் கூடவே எழுதப்படும். 2020இல் வந்த குரோம் 81 முதல் பிரவுசர் அந்தக் குறிப்பை மதித்து நிமிர்த்திக் காட்டுகிறது. விண்ணப்பத்தின் பிடிஎஃப்பைத் தயாரிக்கும் மென்பொருள் மதிக்காமல் போகலாம். திரையில் நேராக இருந்த முகம் பிடிஎஃப்பில் சாய்ந்து கிடக்கும். ஏற்றும் முன் கணினியில் திறந்து, ஒருமுறை ஓரம் வெட்டிப் புதிதாகச் சேமித்துவிடுங்கள்.

சான்றிதழ் பிடிஎஃப்களில் அடிக்கடி சிக்குவது இ-ஆதார். அதற்கு 8 எழுத்துக் கடவுச்சொல் உண்டு: பெயரின் முதல் 4 எழுத்து பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. பூட்டிய பிடிஎஃப்பை சர்வரால் திறக்க முடியாது. குரோமில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, பிரின்ட் போய் "சேவ் ஆஸ் பிடிஎஃப்" என்று சேமித்தால் பூட்டு போய்விடும்.

இப்போது பிரவுசர். குரோமில் ஒரு வழக்கம் பலரைக் குழப்புகிறது. ஃபைலைத் தேர்ந்தெடுத்தீர்கள், அளவு அதிகம் என்றது, குறைத்து அதே பெயரில் சேமித்து மறுபடி தேர்ந்தெடுத்தீர்கள். சிவப்பு வரி அப்படியே நிற்கிறது. அதே பெயர், அதே இடம் என்பதால் "ஃபைல் மாறியது" என்று குரோம் அந்தப் பக்கத்துக்குச் சொல்வதே இல்லை, பக்கமும் மறுபடி சோதிப்பதில்லை. தேர்ந்தெடுத்த பிறகு ஃபைலைத் திருத்திவிட்டு, மறுபடி தேர்வு செய்யாமல் அனுப்பினால் "அப்லோட் ஃபைல் சேஞ்ச்டு" என்ற பிழை வரும். தேர்ந்தெடுத்தபோது இருந்த நேரமுத்திரையும் இப்போதுள்ளதும் பொருந்தாததே காரணம். இரண்டுக்கும் ஒரே மருந்து: ஒவ்வொரு திருத்தத்தையும் photo2, photo3 என்று புதுப் பெயரில் சேமியுங்கள். தேர்வுப் பெட்டியில் "சி டிரைவ், ஃபேக்பாத்" என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் கணினியின் உண்மையான ஃபோல்டர் பெயரை வலைத்தளத்துக்குக் காட்டாமல் மறைக்க எல்லா பிரவுசரும் போடும் பொய் முகவரி அது.

இன்காக்னிட்டோ சன்னலில் முயன்று பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்த்த துணை நிரல்கள்) இயல்பாக ஓடாது. அங்கே ஏறினால் விளம்பரத் தடுப்பானோ வேறு எக்ஸ்டென்ஷனோ குறுக்கே நின்றிருக்கிறது, அல்லது பழைய குக்கீ (தளம் உங்கள் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) கெட்டிருக்கிறது. முழு வரலாற்றையும் அழிக்க வேண்டாம். முகவரிக்கு இடப்பக்கக் குறியை அழுத்தி அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்கினால் போதும்.

பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வசதியை, படித்துப் புரிந்துகொண்டதும் அணைத்துவிடுங்கள். குரோம் பக்கத்தில் உள்ள சொற்களையே மாற்றிப் போடுகிறது. அதனால் சில படிவங்களின் நிரல் உடைந்து பொத்தான் அசையாமல் நிற்கும். நமக்கு உதவியாகத் தெரியும் ஒன்றே தடையாகும் என்று யாரும் சந்தேகிப்பதில்லை.

தளத்திலேயே போட்டோவை வெட்டும் வசதி இருந்து, வெட்டிய பின் வண்ணக் கோடுகளாக வந்தால், அது பெரும்பாலும் ஃபயர்பாக்ஸின் தடம்மறைப்பு அமைப்பு. படத்தின் பிக்சல்களைத் தளம் படிக்கும்போது வேண்டுமென்றே குப்பைத் தரவைக் கொடுக்கும். முகவரிப் பட்டியில் வரும் கேன்வாஸ் குறியை அழுத்தி அனுமதி கொடுங்கள், அல்லது இந்த ஒரு வேலைக்கு எட்ஜோ குரோமோ போதும்.

போனில் டெலிகிராம் போன்ற செயலிக்குள் வந்த இணைப்பை அப்படியே தட்டினால் அந்தச் செயலியின் உள் பிரவுசரில் திறக்கலாம். அதில் ஃபைல் தேர்வு வசதியை அமைக்காமல் விட்டிருந்தால் பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. மூன்று புள்ளியை அழுத்தி வெளி பிரவுசரில் திறங்கள். நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்டு போனில் படிவத்திலிருந்தே கேமராவைத் திறந்தால், படம் எடுத்துத் திரும்புவதற்குள் பக்கம் புதிதாக ஏற்றப்பட்டு நிரப்பியதெல்லாம் போய்விடும். முன்பே எடுத்து வைத்து கேலரியிலிருந்து தேர்ந்தெடுங்கள். கூகுள் டிரைவிலிருந்து நேராக எடுக்காமல் போனில் இறக்கிவிட்டுத் தேர்ந்தெடுப்பதும் நல்லது.

வங்கித் தேர்வுகளிலும் எஸ்எஸ்சியிலும் இப்போது கேமராவில் நேரடிப் படம் கேட்கிறார்கள். அனுமதிப் பெட்டி வந்தபோது தவறுதலாக "பிளாக்" அழுத்திவிட்டால் மறுபடி கேட்காது. முகவரிக்கு இடப்பக்கக் குறியில் கேமராவை அனுமதித்து, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். கறுப்புத் திரை வந்தால் ஜூம், மீட் ஏதாவது பின்னால் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா, லேப்டாப் கேமராவின் மூடி குறுக்கே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வர் பக்கக் கோளாறை எண்ணால் அறியலாம். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏற்றினால் சிவப்பாக ஒரு வரியும் அதன் எண்ணும் தெரியும். 413 என்றால் அனுப்பியது சர்வரின் வரம்பைவிடப் பெரிது. என்ஜின்எக்ஸ் என்ற பரவலான சர்வரில் யாரும் மாற்றாவிட்டால் இந்த வரம்பு 1 எம்பி. போனில் எடுத்த முழுப் படம் அதைத் தாண்டிவிடும். 401, 403 என்றால் பெரும்பாலும் லாகின் காலாவதி, அல்லது விபிஎன் வழியாக வந்ததால் மறுப்பு. 502, 503, 504 என்றால் கூட்ட நெரிசல். உங்கள் ஃபைலைத் தொடாதீர்கள், காலை ஆறு மணிக்கு முயலுங்கள். பத்து முறை அழுத்துவதால் வரிசைதான் நீளும்.

லாகின் காலாவதி என்பது நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும். தளங்களை இயக்கும் மென்பொருள்களில் ஏஎஸ்பி நெட்டில் யாரும் மாற்றாவிட்டால் 20 நிமிடம், பிஎச்பியில் 24 நிமிடம். படத்தைச் சுருக்குவதிலேயே அந்த நேரம் போய்விடுகிறது. ஒரு வருடம் படித்த படிப்பு இந்த இருபது நிமிடத்தில் சிக்கக் கூடாது. எல்லா ஃபைலையும் தயார் செய்து ஒரே ஃபோல்டரில் வைத்த பிறகு லாகின் செய்யுங்கள். ஒரே தளத்தை இரண்டு டேபில் திறக்காதீர்கள். நடுவில் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவினாலும் பதிவேற்றம் அறுந்து "நெட்வொர்க் சேஞ்ச்டு" என்று வரும்.

நெட் சென்டரில் உட்கார நேர்ந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போயிருந்தால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதி செல்லாது" என்றுதான் பிரவுசர் சொல்லும். விண்டோஸ் 7 என்றால் அதில் ஓடும் கடைசி குரோம் 109தான், புதிய தளங்களில் தடுமாறலாம். வேறு கணினி கேளுங்கள். வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸில் உள்ள உங்கள் கையெழுத்தையும் ரேகையையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

எல்லாம் ஏறிய பிறகு, பணம் கட்டும் முன், முன்னோட்டப் பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். போட்டோ இடத்தில் கையெழுத்தும் கையெழுத்து இடத்தில் போட்டோவும் மாறி விழுந்திருக்கிறதா, கையெழுத்து தவறுதலாக ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறதா, உறுதிமொழியின் ஒவ்வொரு சொல்லும் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பொத்தானுக்குப் போங்கள். பணம் கட்டியபின் இறக்கும் பிடிஎஃப்பைத் திறந்து, படம் நேராகத்தான் நிற்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.