கட்டிலோரத்து சானிடைசர்

தொற்றுத் தடுப்புப் பிரிவில் செவிலியராக இருப்பதால், ஆல்கஹால் கலந்த சானிடைசர் உண்மையிலேயே கிருமிகளைக் கொல்கிறதா என்று நோயாளிகளின் உறவினர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதுண்டு. 60 முதல் 80 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திரவத்தை இருபது, முப்பது நொடிகள் கை முழுவதும் தேய்த்தால், வார்டுகளில் நாங்கள் அஞ்சும் பெரும்பாலான பாக்டீரியாக்களும், கொரோனா, இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களும் அழிந்துவிடும். ஆயினும் பணியில் நான் கண்டவரை, அதன் பயனைத் தீர்மானிப்பது திரவத்தின் வீரியத்தைவிட, புட்டி தொங்கும் இடம்தான்.

சோப்பும் தண்ணீரும் கொண்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 நொடிகள் ஆகும். வாஷ்பேசின் வரை நடந்து திரும்பும் நேரம் தனி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்துக்கு இருபது முறை கையைத் தூய்மைப்படுத்த வேண்டியிருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு குழாயடியிலேயே போய்விடும். அவ்வாறு செய்யாத செவிலியரை அலட்சியக்காரர் என்று கடிந்துகொள்வது எளிது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு மனம் வருவதில்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு மருத்துவர் டிடியே பிட்டே குழுவினர் கட்டிலருகே ஆல்கஹால் திரவத்தை வைத்து, விழிப்புணர்வுச் சுவரொட்டிகளையும் ஒட்டியபோது, கைத்தூய்மையைக் கடைப்பிடிக்கும் அளவு 1994இல் 48 விழுக்காடாக இருந்தது 1997இல் 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்று, அதாவது சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே நோயாளிகளுக்குப் பிடிக்கும் தொற்று, 1994இல் 16.9 விழுக்காடாக இருந்தது 1998இல் 9.9 ஆகக் குறைந்தது. சோப்பால் கழுவுவது ஏறக்குறைய முன்பிருந்த அளவிலேயே இருந்தது. முன்னேற்றம் செவிலியர்களிடமும் உதவியாளர்களிடமும்தான் தெரிந்தது, மருத்துவர்களிடம் அவ்வளவாக இல்லை என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

இங்கோ, திருட்டுக்கு அஞ்சியும், யாராவது குடித்துவிடுவார்களோ என்று பயந்தும், புட்டிகளை ஸ்டோர் ரூமில் பூட்டி வைப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வாசலில் ஒரே ஒரு புட்டி மட்டும், ஆய்வுக்கு வருபவர்களின் கண்ணில் படும்படி, சுவரில் மாட்டியிருக்கும்.

பயிற்சி வகுப்புகளில், "நூறு சதவீத ஆல்கஹால் இன்னும் நல்லதுதானே, சிஸ்டர்?" என்று மாணவிகள் கேட்பார்கள். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் எத்தனால் 80 விழுக்காடுதான். ஒளிரும் திரவத்தைத் தேய்க்கச் சொல்லி, புற ஊதா விளக்கின் கீழ் கைகளை நீட்டச் செய்தால், கட்டைவிரலும் விரல் நுனிகளும் இருண்டு கிடப்பதை அவர்களே காண்பார்கள். ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் மட்டும் தேய்த்து, காயும் முன்பே சீருடையில் துடைத்துக்கொள்ளும் பழக்கத்தை எவ்வளவு பேசியும் மாற்ற முடியாத எனக்கு, அந்த விளக்குதான் பெரிய துணை.

சானிடைசரால் ஆகாதவையும் உண்டு. ஆன்டிபயாட்டிக் சிகிச்சைக்குப் பின் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் வித்துகளை, அதாவது கடினமான உறைக்குள் உறங்கும் அதன் வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸும் அதற்கு எளிதில் மடங்குவதில்லை. இரத்தமோ சீழோ கண்ணுக்குத் தெரியும் கைக்கும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது கையுறை. கொரோனா காலத்துக்குப் பிறகு, ஒரே கையுறையோடு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குச் சென்று, இடையில் அதன்மேலேயே சானிடைசரைத் தேய்த்துக்கொள்வது பல வார்டுகளில் வழக்கமாகிவிட்டது. கையுறை அணிந்தவருக்குத் தன் கை பாதுகாப்பாக இருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கிறது. அடுத்த நோயாளிக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. நான் பார்வையிடச் செல்லும்போது எல்லோரும் ஒழுங்காகத் தேய்ப்பதால், அங்கு எடுக்கும் குறிப்புகளை நான் பெரிதாக நம்புவதில்லை. மாதக் கடைசியில் ஒவ்வொரு வார்டும் ஸ்டோரிலிருந்து எத்தனை லிட்டர் திரவமும் எத்தனை பெட்டி கையுறையும் வாங்கியது என்று பார்க்கிறேன். ஆயிரம் நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் அது ஒரு நோயாளி நாள்) குறைந்தது 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். திரவம் அதற்கு வெகு கீழேயும் கையுறை மற்ற வார்டுகளைவிட மிக அதிகமாகவும் செலவாகும் வார்டுக்கே அடுத்த பயிற்சிக்கு விளக்கோடு போகிறேன்.