ஊசி போடட்டுமா?

"மரத்துப்போக ஊசி போடட்டுமா, அப்படியே சொத்தையை அடைச்சிடலாமா?"

காபிக்குச் சர்க்கரை போடவா என்பது போலக் கேட்டார் பல் டாக்டர்.

எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டினார். மேல் கடைவாய்ப்பல்லில் கடுகளவு கறுப்பு. பல்லின் வெளி ஓடான எனாமலில் நரம்பே கிடையாது, அங்கே டிரில் பட்டாலும் வலிக்காது. அதற்கு அடியில் இருக்கும் டென்டினைத் தொட்டால்தான் கூச்சம். என் சொத்தை டென்டினை லேசாக எட்டிப் பார்த்திருந்தது, அவ்வளவுதான்.

"கூசினா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடறேன்."

சரி என்று ஊசி இல்லாமலே உட்கார்ந்தேன். தண்ணீர் பீய்ச்சியபோது மட்டும் கை பாதி எழுந்தது. மற்றபடி சத்தம்தான், வலி இல்லை.

ஆழமான சொத்தை என்றால் கதையே வேறு. அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு (கடிக்கவும் முடியாது!) பொறுப்பதில் என்ன பெருமை? மரக்க வைக்கும் ஊசி மருந்தான லிக்னோகெயின் 1948லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். அது போகும்வரை சாப்பிடாமல் இருந்தால் கன்னத்தைக் கடித்துக்கொள்ள மாட்டோம்.

ஊசிக்கே பயமா? குத்தும் இடத்தில் முதலில் ஜெல் தடவி மரக்க வைப்பார்கள். தயங்காமல் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது, அவர் தானாக முடிவு செய்யாமல் என்னிடம் கேட்டதுதான். சின்ன வயதில் நம்மிடம் யார் கேட்டார்கள்? "ஆ காட்டு" மட்டும்தான்.