வீட்டு ரவுட்டர்களை ஏசிஎஸ் சர்வரோடு இணைத்த அனுபவம்

கேபிள் டிவித் தொழிலிலிருந்து ஃபைபர் இணையத்துக்கு வந்த சிறு நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் பிரிவைக் கவனித்து வருகிறேன். வைஃபை கடவுச்சொல்லை மறந்தவருக்கும், யாரோ ரீசெட் பட்டனை அழுத்திவிட்ட வீட்டுக்கும் ஒரே தீர்வாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்த நிலையை மாற்றுவதற்காக, வாடிக்கையாளர் வீடுகளிலுள்ள ரவுட்டர்களை கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்கான டிஆர்-069 நெறிமுறையின் வழியே ஒரே ஏசிஎஸ் சர்வரின் (ரவுட்டர்களின் அமைப்புகளை ஓரிடத்திலிருந்து மாற்றும் சர்வர்) கீழ் கொண்டுவந்தோம். இதே வேலையில் இறங்கவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கே நேரம் போனது, எது கைகொடுத்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

2004-இல் அன்றைய டிஎஸ்எல் ஃபோரம் (இன்றைய பிராட்பேண்ட் ஃபோரம்) வெளியிட்ட இந்த நெறிமுறையில் உரையாடலைத் தொடங்குவது எப்போதும் ரவுட்டர்தான். சர்வர் நினைத்த நேரத்தில் ரவுட்டருக்குள் நுழைந்து எதையும் மாற்றிவிட முடியாது. “என்னைத் தொடர்புகொள்” என்று அதைத் தட்டியெழுப்ப மட்டுமே முடியும். ஆகவே ஒரு ரவுட்டர் பட்டியலில் வரவில்லை என்றால் சர்வரின் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ரவுட்டருக்குச் சர்வரின் முகவரி தெரியுமா, அந்த முகவரிக்குப் பாதை இருக்கிறதா, போய்ச் சேர்ந்தபின் சர்வரின் சான்றிதழை (சர்வர் போலியல்ல என்று காட்டும் மின்னணு அடையாளம்) அது ஏற்கிறதா, சர்வர் அதன் பயனர்பெயரை ஏற்கிறதா என்று ரவுட்டரின் பக்கமிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவதே சரியான முறை.

சர்வருக்கு ஜீனிஏசிஎஸ் என்ற கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். நோட்ஜேஎஸ், மோங்கோடிபி இரண்டும் இருந்தால் அதை நிறுவுவது பெரிய வேலையில்லை. பாதுகாப்பைத்தான் முதல் நாளிலேயே முடித்துவிட வேண்டும். ரவுட்டர்கள் வந்து பேசும் 7547 போர்ட்டில், நாம் தனியாக அங்கீகார விதி எழுதாதவரை எந்தக் கருவி வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். வெளி நிரல்கள் கட்டளை அனுப்பும் 7557 போர்ட்டுக்கோ கடவுச்சொல்லே கிடையாது. பின்னதைச் சர்வருக்குள்ளேயே அடைத்துவிட்டு, முன்னதை நிர்வாகத்துக்கென ஒதுக்கிய வி-லேனுக்கு (தனியாகப் பிரித்த உள்வலைக்கு) மட்டும் திறந்தோம். ரவுட்டர்களின் பக்கமும் இதே கவனம் தேவை. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் இணைப்பு முடங்கியது, மிராய் என்ற தீநிரலின் வகையைச் சேர்ந்த தாக்குதல் ரவுட்டர்களின் 7547 போர்ட்டைத் தேடி வந்ததால்தான். அந்தப் போர்ட்டை இணையத்தின் பக்கம் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சர்வரின் முகவரியை ரவுட்டருக்குச் சொல்ல, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியின் 43-ஆம் ஆப்ஷனைப் பயன்படுத்தினோம். முதலில் 01, அடுத்து முகவரியின் நீளம், அதற்குப்பின் முகவரி என்று பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்களில் அதை அமைக்க வேண்டும். நீளத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் ரவுட்டர் எந்தப் பிழையும் காட்டாமல் பேசாமல் இருந்துவிடும். எங்களிடமுள்ள ஓஎன்டிகளில் (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் கருவிகள்) வான் (WAN, வெளிப்பக்க) இணைப்பின் சேவை வகை வெறும் ‘இன்டர்நெட்’ என்றிருந்தால் டிஆர்-069 அந்த வழியாகப் போகாது என்பதால், நிர்வாக வி-லேனில் அதற்கென்று தனி வான் இணைப்பு ஒன்றை உருவாக்கினோம்.

அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது சான்றிதழ்தான். ஒரு குறிப்பிட்ட மாடல் மட்டும், மேசைமீது வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக இணைந்தது. வீட்டில் மின்சாரம் போய் வந்தபின் காணாமல் போனது. சர்வரின் பதிவில் டிஎல்எஸ் கைகுலுக்கல் (மறைகுறியாக்கிய இணைப்பைத் தொடங்கும் படி) பாதியில் அறுந்ததாக மட்டுமே இருந்தது. ரவுட்டரின் பதிவைத் திறந்து பார்த்தபோது எல்லா வரிகளும் 1970 ஜனவரி 1 என்று தொடங்கின. மின்சாரம் இல்லாதபோது நேரத்தைத் தக்கவைக்க அதற்குள் பேட்டரி கிடையாது. 1970-இல் இருந்துகொண்டு பார்க்கும் கருவிக்கு எங்கள் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்று. சரியான நேரம் கிடைக்காத நிலையில் சான்றிதழின் தேதிகளைப் பொருட்படுத்தக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது; அந்த மாடலின் ஃபர்ம்வேர் அதைக் கடைப்பிடிக்கவில்லை. நிர்வாக வி-லேனுக்குள்ளேயே சரியான நேரத்தைத் தரும் என்டிபி சர்வர் ஒன்றை வைத்து, ரவுட்டர் முதலில் அதைத் தொடும்படி செய்தபின் சிக்கல் தீர்ந்தது. சான்றிதழ்ச் சோதனையையே நிறுத்திவிடலாம் என்ற யோசனையும் வந்தது. வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் போய்வரும் பாதையில் அப்படிச் செய்வது முறையல்ல என்று மறுத்துவிட்டேன்.

இணைந்தபின் நடப்பதைப் பதிவில் பார்ப்பது மனநிறைவைத் தரும். ரவுட்டர் தன் வரிசை எண்ணோடு ‘இன்ஃபார்ம்’ அனுப்புகிறது, முதல் சந்திப்பென்றால் ‘0 பூட்ஸ்ட்ராப்’ என்ற குறிப்போடு. சர்வர் அதை ஏற்றுப் பதில் தந்ததும் ரவுட்டர் வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்புகிறது. “நான் சொல்ல வேண்டியது முடிந்தது, நீ கேட்கலாம்” என்பதே அதன் பொருள். அங்கிருந்துதான் நம் கட்டளைகள் தொடங்குகின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் இதே பூட்ஸ்ட்ராப் குறிப்பு வரும் என்பதால், பிபிபிஓஇ (இணைய இணைப்புக்கான உள்நுழைவு) விவரங்களையும் வைஃபை பெயரையும் திரும்ப ஏற்றும் நிரலை அதனோடு கட்டிவைத்தோம். ரீசெட் பட்டனுக்காக வீடு தேடிப் போகும் வேலை பெருமளவு குறைந்தது இதனால்தான்.

நிரல் எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அமைப்புகளுக்குப் பெயரிடுவதில் பழைய கருவிகள் டிஆர்-098 தரவு மாதிரியையும் புதியவை டிஆர்-181 தரவு மாதிரியையும் பின்பற்றுவதால், ஒரே பிபிபிஓஇ பயனர்பெயர் இரண்டிலும் வெவ்வேறு பாதைகளில் இருக்கும். ஒரே மாதிரிக்குள்ளும் இடையில் வரும் எண்கள் கருவிக்குக் கருவி மாறும். ஜீனிஏசிஎஸ்ஸின் மெய்நிகர் அளவுருக்களை (நாமே பெயரிட்டு வரையறுக்கும் அமைப்புகள்) கொண்டு இவற்றை ஒரே பெயருக்குள் கொண்டுவந்த பிறகுதான் உதவி மையத்தாரால் தாங்களாகவே வேலை செய்ய முடிந்தது. இன்னொன்று, கடவுச்சொல் அளவுருவைப் படித்தால் ரவுட்டர் வெற்று மதிப்பைத்தான் தரும். இருப்பதையும் வேண்டியதையும் ஒப்பிட்டு மாற்றும் நிரல், இதை உணராவிட்டால் ஒவ்வொரு சந்திப்பிலும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும்.

சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்துபவர்கள், ரவுட்டர்கள் உடனே திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தோல்வியுற்ற முயற்சிக்குப்பின் முதலில் 5 முதல் 10 விநாடி காத்திருக்கும் ரவுட்டர், தோற்கும்தோறும் அதை இரட்டித்துக்கொண்டே போய், பத்தாவது முயற்சிக்குப்பின் 5,120 விநாடி வரைகூடக் காத்திருக்கலாம்.

எஞ்சியிருப்பவை, வாடிக்கையாளர் சொந்தமாக வாங்கி எங்கள் ஓஎன்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ரவுட்டர்கள். நடுவில் நாட் (உள்ளேயுள்ள கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் மறைக்கும் முகவரி மாற்றம்) இருப்பதால் சர்வரால் அவற்றைத் தட்டியெழுப்ப முடிவதில்லை. இதைத் தாண்ட ஸ்டன், எக்ஸ்எம்பிபி ஆகிய வழிகள் நெறிமுறையில் உண்டு. ஆனால் நாங்கள் பார்த்த மாடல்களில் அவற்றை ஒழுங்காகக் கையாள்பவை குறைவு. உரிமையாளர் சம்மதித்து இணைத்துத் தந்த ரவுட்டர்களுக்கு மட்டும் இன்ஃபார்ம் இடைவெளியை 300 விநாடியாக வைத்திருக்கிறோம். அவர்கள் அழைக்கும்போது, ஐந்து நிமிடத்துக்குள் மாறிவிடும் என்று சொல்லிவிட்டு, மாற்றத்தைச் சர்வரின் வரிசையில் போட்டுவைக்கிறோம்.