டிகிண்டரில் இருநிறப் பிட்மேப்போடு மல்லுக்கட்டியது

பைத்தானில் என் சொந்த உபயோகத்துக்கு ஒரு சின்னக் கருவி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னணியில் நடக்கும் சில வேலைகள் ஓடுகின்றனவா, நின்றுவிட்டனவா, காத்திருக்கின்றனவா என்று ஒரு ஜன்னலில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 16க்கு 16 பிக்சலில் ஒரு அம்புக்குறி. ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு, காத்திருந்தால் சாம்பல். முதலில் மூன்று நிறத்துக்கும் மூன்று பிஎன்ஜி கோப்புகள் வரைந்து வைத்தேன். அப்புறம் நான்காவதாக ஒரு நிலை வந்தது, அடர்நிறத் தீம் வேண்டும் என்ற ஆசையும் வந்தது, கோப்புகள் பெருகத் தொடங்கின. படம் ஒன்றுதானே, நிறம் மட்டும்தானே மாறுகிறது என்று தேடப் போனபோதுதான், ஜன்னல் வரைய நான் பயன்படுத்தும் பைத்தான் நூலகமான டிகிண்டரில், பிட்மேப்இமேஜ் என்று ஒரு இருநிறப் பட வகை இருப்பதையே கவனித்தேன்.

அது படிப்பது எக்ஸ்பிஎம் (XBM) என்ற வடிவம், யூனிக்ஸ் கணினிகளில் ஜன்னல்களைக் காட்டிய எக்ஸ் விண்டோ காலத்துப் பழைய சரக்கு. கோப்பைத் திறந்தால் படக்கோப்பு மாதிரியே இருக்காது. சி மொழி நிரல்துண்டு ஒன்று இருக்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் இரண்டு டிஃபைன் வரிகள், பிறகு பதினாறடிமான எண்களாக ஒரு வரிசை. அதில் நிறம் என்பதே கிடையாது. பிட் 1 என்றால் ஃபோர்கிரவுண்ட், 0 என்றால் பேக்கிரவுண்ட், அவை என்ன நிறம் என்பதை நாம்தான் வெளியிலிருந்து சொல்கிறோம். என் அம்புக்கு மொத்தமே 32 பைட். இது போதாதா!

இவ்வளவு சின்னதைக் கையாலேயே எழுதிவிடலாம் என்று கட்டத்தாளில் அம்பை வரைந்து, ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக பைனரியாகப் படித்து எண்ணாக மாற்றிப் போட்டேன். திரையில் வந்தது அம்பே இல்லை. நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் அதனதன் இடத்திலேயே கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி வைத்த ஏதோ ஒன்று. அரைமணி நேரம் என் வரைபடத்தையே சந்தேகப்பட்டேன். கடைசியில் 8க்கு 8ல் ஒரு படம் செய்து, முதல் பைட்டில் 1 மட்டும் வைத்து மற்றதெல்லாம் பூஜ்யமாக விட்டேன். புள்ளி இடது மேல் மூலையில் வந்து உட்கார்ந்தது. 128 போட்டால் வலது மூலை. ஆக, பைட்டின் மிகச் சிறிய பிட்தான் இடப்பக்க பிக்சல். பைட்டுகள் இடமிருந்து வலமாகப் போகின்றன, உள்ளே பிட்டுகள் மட்டும் நாம் எழுதும் வழக்கத்துக்குத் தலைகீழ்.

இதைச் சரி செய்த கையோடு 12க்கு 12ல் ஒரு சின்ன அம்பு செய்யப் போனேன். 144 பிட், அப்படியானால் 18 பைட் என்று கணக்குப் போட்டால் பிட்மேப் தரவின் வடிவம் தவறு என்ற ஒற்றை வரிப் பிழைதான் கிடைத்தது. ஒவ்வொரு வரிசையும் புதிய பைட்டில் தொடங்க வேண்டுமாம். 12 பிக்சலுக்கு 2 பைட், மிச்ச 4 பிட் சும்மா. அதாவது 24 பைட்.

இமேஜை ஒரு செயல்கூறுக்குள் உருவாக்கி, ஜன்னலில் படத்தைக் காட்டும் லேபிளில் ஒட்டினால் லேபிள் காலியாக நிற்கும் அந்தப் பழைய தொல்லை இங்கேயும் உண்டு. செயல்கூறு முடிந்ததும் பைத்தான் அந்தப் பொருளை அழித்துவிடுகிறது, படமும் கூடவே போய்விடுகிறது. ஒரு டிக்‌ஷனரியில் பிடித்து வைத்துக்கொண்டால் சரி.

பட எடிட்டரில் வரைந்து பில்லோ என்ற பைத்தான் பட நூலகம் வழியாகக் கொண்டுவரலாமா என்றும் பார்த்தேன். ஒரு பிட் முறைக்கு மாற்றினால் சாம்பல் ஓரங்களைப் புள்ளி புள்ளியாகத் தூவிவிடுகிறது, டிதரிங் எனப்படும் அந்தத் தூவலை அணைத்த பிறகுதான் கோடு கோடாக இருந்தது. அதோடு பில்லோவின் பிட்மேப்இமேஜ் மதிப்பு 0 உள்ள பிக்சல்களை ஒளிபுகும் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு அம்பு வரைந்திருந்த எனக்கு, அம்பு இருந்த இடத்தில் ஓட்டையும் சுற்றிலும் பச்சைச் சதுரமும் கிடைத்தன. சாம்பல் படமாக இருக்கும்போதே கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கிவிட்டு அப்புறம் ஒரு பிட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனாலும் கையால் எழுதிய 32 பைட்டே எனக்குப் பிடித்திருந்தது, அதற்கே திரும்பிவிட்டேன்.

இனிதான் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பெரிய அடி. ஒரே இமேஜ் பொருளை எல்லா வரிகளுக்கும் கொடுத்திருந்தேன். ஒரு வேலை நின்றதும் ஃபோர்கிரவுண்டைச் சிவப்பாக்கினேன். எல்லா வரிகளும் சிவப்பு! எல்லாமே செத்துவிட்டதோ என்று பதறிப்போய் லாகைத் தேடினால், எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிறம் இருப்பது லேபிளில் இல்லை, இமேஜ் பொருளில்; அதை மாற்றினால் அது ஒட்டியிருக்கும் இடமெல்லாம் மாறும். அதனால் அதே தரவுச் சரத்திலிருந்து நிலைக்கு ஒன்றாக நான்கு பொருள்கள் உருவாக்கினேன், நிலை மாறும்போது லேபிளுக்கு எந்தப் பொருள் என்பதை மட்டும் மாற்றுகிறேன். என்னைப் படுத்திய அதே குணம் தீம் மாற்றும்போது கைகொடுத்தது: நான்கு பொருள்களின் நிறத்தை மாற்றினால் போதும், ஜன்னல் முழுக்க அந்தக் கணமே மாறிவிடுகிறது.

அடர்நிறத் தீமில் அம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வெளிர் ஓரம் வைக்க மாஸ்க்கும் சேர்த்தேன். மாஸ்க் என்பது அதே அளவில் இன்னொரு பிட்மேப். அதில் 0 உள்ள இடம் ஒளிபுகும், 1 உள்ள இடத்தில் படத்தின் இரண்டு நிறங்களில் ஒன்று தெரியும். அம்பை ஒரு பிக்சல் தடிமனாக்கி அதையே மாஸ்க்காகக் கொடுத்தேன், பேக்கிரவுண்ட் நிறம் ஓரமாக வந்துவிட்டது. இரண்டின் அளவும் ஒரு பிக்சல் வித்தியாசப்பட்டாலும் பிழைதான்.

பெரிய திரையில் மட்டும் அம்பு கடுகாகத் தெரிகிறது. டிகிண்டரின் இன்னொரு பட வகையான ஃபோட்டோஇமேஜில் இருக்கிற மாதிரி பெரிதாக்கும் வசதி பிட்மேப்இமேஜில் கிடையாது. மறுபடி கட்டத்தாளை எடுத்து 32க்கு 32ல் வரைந்துகொண்டிருக்கிறேன், இந்த முறை ஒவ்வொரு எட்டுக் கட்டத்தையும் வலமிருந்து இடமாகப் படித்து.